முன்பாரம் அறிந்து பூட்டு: பிக்கப் டிரக்கும் டிரெய்லர்களும்

ஒரு பிக்கப் டிரக் எந்தெந்த டிரெய்லரை இழுக்கலாம் என்பதை எஞ்சினின் வலு மட்டும் தீர்மானிப்பதில்லை. பூட்டும் இடம், பின்அச்சில் இறங்கும் பாரம், பிரேக், மின் இணைப்பு ஆகிய நான்கும் அதில் சம பங்கு வகிக்கின்றன. அமெரிக்காவில் படகு, குதிரை, வைக்கோல் கட்டு, முகாம் வீடு என எல்லாம் பிக்கப்பின் பின்னால் பயணிக்கின்றன. ஒரே வண்டியே இத்தனையையும் இழுக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பூட்டு அதில் இருக்க வேண்டும்.

உருண்டையும் கிண்ணமும்

மிகப் பரவலான பூட்டு, சேசிஸின் பின்முனையில் போல்ட் வைத்து இறுக்கப்படும் சதுரக் குழாய். இதற்கு ரிசீவர் என்று பெயர். பிக்கப்புகளில் இதன் வாய் பெரும்பாலும் 2 அங்குலச் சதுரம். இதற்குள் உருண்டை பொருத்திய இரும்புத் தண்டைச் செருகிக் குறுக்கே ஊசி போடுவார்கள். டிரெய்லரின் முன்முனையில் உள்ள கிண்ணம் போன்ற கப்ளர் அந்த உருண்டையின் மேல் உட்காரும். டிரெய்லரின் உயரத்துக்கு ஏற்ப, தாழ்ந்தோ உயர்ந்தோ வளைந்த தண்டைத் தேர்ந்தெடுத்தால் டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்கும்.

உருண்டைகள் பெரும்பாலும் 1⅞, 2, 2 5⁄16 அங்குலம் என மூன்று அளவுகளில் கிடைக்கின்றன. ஆபத்து இங்கேதான். 2 5⁄16 அங்குலக் கப்ளரை 2 அங்குல உருண்டையின் மேல் வைத்தாலும் தாழ்ப்பாள் விழுந்துவிடும். பார்வைக்குக் குறை தெரியாது. முதல் பெரிய மேடு பள்ளத்தில் டிரெய்லர் கழன்றுவிடக்கூடும். தாழ்ப்பாள் போட்டதும் டிரெய்லரின் முன்ஜாக்கியைச் சில சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். பிக்கப்பின் பின்புறமும் கூடவே எழும்பினால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்காக மாட்டுவதற்கும் காரணம் உண்டு: கப்ளர் கழன்றாலும் முன்முனை தரையில் குத்தாமல் சங்கிலியின் மேல் தங்கும்.

முன்பாரக் கணக்கு

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியவர்கள் இந்தக் கணக்கை அறிவார்கள். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் கழுத்து அழுந்தும். டிரெய்லருக்கும் இதே விதிதான். உருண்டையில் பூட்டும் டிரெய்லரில் மொத்த எடையின் 10 முதல் 15 விழுக்காடு உருண்டையின் மேல் இறங்க வேண்டும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. இதற்குக் குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, பிக்கப்பின் பின்பகுதியையும் சேர்த்து இழுக்கும்.

முன்பாரம் மிகுந்தால் வேறு சிக்கல். உருண்டை பின்அச்சுக்குப் பின்னால் இருப்பதால், அங்கே இறங்கும் பாரம் நெம்புகோல்போல் வேலை செய்து முன்சக்கரங்களை லேசாக்கும். ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். பாரம் பகிரும் ஹிட்ச் என்னும் பூட்டு இதற்கான தீர்வு. இதன் இரண்டு எஃகுத் தண்டுகள் வில்போல் வளைந்து, பாரத்தின் ஒரு பகுதியை முன்அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளுகின்றன. முன்சக்கர வளைவின் உயரத்தை டேப்பால் பூட்டும் முன்பும் பின்பும் அளந்தால் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று தெரியும். உற்பத்தியாளர் சொல்லும் அளவுக்கு அது இறங்கும்வரை தண்டுகளை முறுக்க வேண்டும்.

தொட்டிக்குள் பூட்டு

கனமான டிரெய்லர்களுக்குப் பூட்டு சரக்குத் தொட்டிக்குள் நகர்கிறது. பண்ணைகளில் புழங்கும் கூஸ்நெக் வகையில், வாத்தின் கழுத்துபோல் வளைந்த இரும்புக் கை தொட்டியின் நடுவிலுள்ள உருண்டையில் இறங்கும். முகாம் வீடுகளில் பரவலான ஐந்தாம் சக்கர வகையில், டிரெய்லரின் கிங்பின் என்னும் முளை ஒரு தட்டின் தாடைகளுக்குள் பூட்டிக்கொள்ளும். குதிரை வண்டியின் முன்அச்சு திரும்புவதற்காகக் கிடையாகப் பொருத்தப்பட்ட வளையமே இப்பெயரின் மூலம். இரண்டிலும் பாரம் பின்அச்சின் நேர் மேலோ சற்று முன்னாலோ இறங்குவதால் முன்சக்கரம் எழும்பாது. ஆனால் இறங்கும் பங்கு அதிகம்: ஐந்தாம் சக்கர டிரெய்லர்களில் 15 முதல் 25 விழுக்காடு.

தொட்டி குட்டையாக இருந்தால், கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை ஓட்டுநர் அறையில் இடிக்கும். பூட்டைப் பின்னுக்கு நகர்த்தும் சறுக்கு ஹிட்ச் இதற்கு உதவும். எந்தப் பூட்டானாலும் தொட்டியின் தகட்டில் மட்டும் நிற்காமல் சேசிஸில் இறுக வேண்டும்.

பிரேக்கும் விளக்கும்

சிறு டிரெய்லருக்கு 4 முனை இணைப்பு போதும். அது விளக்குகளை மட்டும் இயக்கும். பெரியவற்றுக்கு 7 முனை வேண்டும். பிரேக், பேட்டரி, ரிவர்ஸ் விளக்கு ஆகியவற்றின் கம்பிகள் அதில் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். மின்பிரேக் என்றால் ஓட்டுநர் அருகே கட்டுப்பாட்டுக் கருவி தேவை. டிரெய்லர் ஆடும்போது அந்தக் கருவியின் நெம்புகோலை மெல்ல அழுத்தினால் டிரெய்லர் பிரேக் மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும்.

படகு டிரெய்லர்கள் தண்ணீரில் இறங்குவதால் அவற்றில் பெரும்பாலும் உந்து பிரேக் இருக்கும். பிக்கப் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னுக்குத் தள்ளும் விசையே அந்தப் பிரேக்கைப் பிடிக்கிறது. பின்னால் எடுக்கும்போதும் இதே விசை பிரேக்கைப் பிடித்துவிடும் என்பதால், ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தால் பிரேக்கை விடுவிக்கும் வால்வு பலவற்றில் உண்டு.

கடைசிக் கணக்கு

பிக்கப்பின் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டு, பயணிகளும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோ ஏறலாம் என்று சொல்கிறது. அது 700 என்றும், உள்ளே 300 கிலோவுக்கு ஆட்கள் என்றும் வைத்துக்கொண்டால் மீதம் 400. 3,500 கிலோ டிரெய்லரின் முன்பாரம் 12 விழுக்காடு என்றாலே 420 கிலோ. எஞ்சின் 4,500 கிலோவை இழுக்கும் திறன் கொண்டிருந்தாலும் இந்தப் பூட்டு அளவு மீறியதே. காற்றுப் பைகள் வைத்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும்; அச்சும் டயரும் தாங்கும் எடை கூடாது. எனவே சாமான் முழுவதும் ஏற்றியபின், பிக்கப்பையும் டிரெய்லரையும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டே சாலையில் இறங்க வேண்டும்.