தூரம் கூடியது, நேரம் குறைந்தது

செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலத்தில், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. அங்கிருந்து நேர் வடக்காகப் பறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடமோ வலமோ திரும்பக் கூடாது. இமயமலை, சைபீரியா எல்லாம் கடந்து வட துருவம் வந்துவிடும். அதன் பிறகும் திரும்பாமல் போனால்? கனடா! இப்போது நீங்கள் தெற்கு நோக்கிப் பறந்துகொண்டிருப்பீர்கள்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இந்தக் குறுக்கு வழி தெரியாது. வகுப்பில் பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையை பெங்களூரிலும் மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் துருவப் பக்கமாகத்தான் போகும். தூரத்தை நீங்களே கணக்கிடலாம். பெங்களூரிலிருந்து துருவம் 77 பாகை, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 52 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. பெருக்கினால் 14,300 கி.மீ. சொச்சம் வரும். நூல் துருவத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் போவதால், உண்மையில் 14,000 கி.மீ.தான்.

2021 ஜனவரியில் சோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள், ஏர் இந்தியா விமானத்தை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இந்தத் துருவ வழியாகவே பெங்களூருக்கு ஓட்டி வந்தார்கள். 9-ஆம் தேதி இரவு புறப்பட்டு, 11-ஆம் தேதி விடிவதற்குள் இறங்கினார்கள். இரண்டு நாள் பயணமா? இல்லை, ஏறத்தாழ 17 மணி நேரம்தான்! அங்கே 9-ஆம் தேதி இரவாக இருக்கும்போது இங்கே 10-ஆம் தேதி காலை ஆகிவிடுகிறது. நம் கடிகாரம் பதின்மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

அப்படியானால் குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரமா? அங்கேதான் வேடிக்கை.

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, மேற்கே அட்லாண்டிக் வழியாக 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா விமானம் ஒன்று எதிர்ப்பக்கமாக, கிழக்கே பசிபிக் வழியாகப் போனது. 15,300 கி.மீ.! ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய்விட்டது. பழைய வழியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம்.

காரணம் காற்று. ஆடிக் காற்றில் கிழக்குப் பார்த்து சைக்கிள் மிதித்தால் தானாக ஓடும்; மேற்கே திரும்பினால் மூச்சு வாங்கும். தரைக்கு மேலே 10 கி.மீ. உயரத்தில் இதைவிடப் பலமான ஒரு காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்பார்கள். வெப்பமான நடுக்கோட்டுப் பக்கத்துக்கும் குளிர்ந்த துருவப் பக்கத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடும், பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அதன் வேகம் பல சமயம் மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டும்.

விமானத்தின் சொந்த வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. இப்போது 15,300-ஐப் பதினான்கரையால் வகுத்துப் பாருங்கள். 1,055 வருகிறதா? கூடுதலான அந்த வேகம் காற்று தந்தது.

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேராகப் போகும் விமானமும் உண்டு, அங்கிருந்து வருவதும் உண்டு. போக நேரம் அதிகமா, வர நேரம் அதிகமா? கண்டுபிடித்து எழுதுங்கள்.