அடையாறும் பெசன்ட் நகரும் ஒரே பெட்டியில்

மயிலாப்பூர் 600004, தி.நகர் 600017, அடையாறு 600020, பெசன்ட் நகர் 600090. 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமான இந்தப் பின்கோடுகளை வைத்தே, புரோகிராமர்கள் அன்றாடம் கையாளும் ‘ஹேஷ் செட்’டை விளங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்கே பொருள் அனுப்பும் ஒரு கடை, தான் டெலிவரி தரும் பின்கோடுகளைச் சேமிக்க வேண்டும். ஒரே எண் இரண்டு முறை ஏறக் கூடாது. கேட்டதும் ‘உண்டு’, ‘இல்லை’ என்று பதில் வர வேண்டும். வெறும் பட்டியல் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். ஹேஷ் செட்டின் அழகே வேறு: எண் இருக்கவேண்டிய இடத்தை அது கணக்குப் போட்டே சொல்லிவிடும்.

0 முதல் 9 வரை பத்துப் பெட்டிகள். எண்ணைப் பத்தால் வகுத்தால் என்ன மீதியோ, அதுதான் பெட்டி. மயிலாப்பூருக்கு 4, தி.நகருக்கு 7, அடையாறுக்கு 0. பெசன்ட் நகருக்கும் 0! இதைத்தான் மோதல் என்கிறார்கள். பெட்டிகளைப் பதினொன்றாக்கிப் பாருங்கள்: அடையாறு 3-க்கும் பெசன்ட் நகர் 7-க்கும் பிரிந்துபோகும், ஆனால் மந்தைவெளி (600028) தி.நகரோடு 0-ல் வந்து மோதும். மோதலை அடியோடு ஒழிக்க முடியாது, சமாளிக்கத்தான் வேண்டும். பெட்டிக்கு ஒரு குட்டிப் பட்டியல் வைத்து, சேர்க்கும் முன் அதை மட்டும் பார்த்தால் போதும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-லேயே எழுதிவைத்த யோசனை இது.

பைதானில் எழுதச் சில வரிகளே ஆகும்: பத்து வெற்று லிஸ்ட்கள், மீதி காண ஒரு % குறி, இருக்கிறதா என்று ஒரு சோதனை, இல்லையென்றால் ஓர் அப்பெண்ட்.

பெட்டிகளில் நெரிசல் கூடினால் வேகம் குறையும். அதனால்தான் ஜாவாவின் ஹேஷ்செட் 16 பெட்டிகளோடு தொடங்கி, உருப்படிகள் 12-ஐத் தாண்டியதும் பெட்டிகளை இரட்டிப்பாக்கி, எல்லாவற்றையும் பிரித்து அடுக்குகிறது.

எண்களுக்குப் பதில் ஊர்ப் பெயர்கள் என்றால், தமிழில் கவனம் தேவை. கோட்டூர்புரத்தின் ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைதானுக்கோ அவை இரு வேறு சொற்கள். செட்டில் இரண்டுமே ஏறிவிடும். தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்பவர்கள், சேர்க்கும்போதும் தேடும்போதும் முதலில் அவற்றை என்.எஃப்.சி. என்ற ஒரே யுனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே ஒரு வரி கோட் போதும்.