தமிழ்த் தேசியக் கட்சி

தமிழ்த் தேசியக் கட்சி என்பது சென்னை மாநிலத்தில் (இன்றைய தமிழ்நாடு) 1961 முதல் 1964 வரை இயங்கிய ஓர் அரசியல் கட்சியாகும். திராவிட முன்னேற்றக் கழகத்தில் இருந்து பிரிந்த ஈ. வெ. கி. சம்பத் இதனைத் தொடங்கினார். கவிஞர் கண்ணதாசன் இதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். பழ. நெடுமாறனும் இக்கட்சியில் பணியாற்றியவர். மூன்று ஆண்டுகளே நீடித்த இக்கட்சி தேர்தலில் ஓர் இடத்தையும் பெறவில்லை. எனினும் திராவிட நாடு கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தி.மு.க.வின் உள்ளிருந்தே எழுந்த குரலின் வடிவம் என்ற வகையில் இது தமிழக அரசியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

பின்னணி

1938 ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது பெரியார் ஈ. வெ. இராமசாமி "தமிழ்நாடு தமிழருக்கே" என்ற முழக்கத்தை முன்வைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் இது, தென்னிந்திய மொழிகளைப் பேசும் மக்கள் அனைவருக்குமான திராவிட நாடு என்ற கோரிக்கையாக விரிந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பகுதிகள் ஒன்றாக இருந்தமை இக்கோரிக்கைக்கு ஒரு நில அடிப்படையைத் தந்தது.

செப்டம்பர் 17, 1949 இல் கா. ந. அண்ணாதுரை தலைமையில் தி.மு.க. தொடங்கப்பட்டபோது அக்கட்சியும் இக்கோரிக்கையை ஏற்றுக்கொண்டது. பெரியாரின் அண்ணன் ஈ. வெ. கிருஷ்ணசாமியின் மகனான சம்பத், தி.மு.க.வின் ஐம்பெரும் தலைவர்களுள் ஒருவராகக் கருதப்பட்டார். பேச்சாற்றலால் "சொல்லின் செல்வர்" என்று அழைக்கப்பட்டார்.

1953 இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. நவம்பர் 1, 1956 இல் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டன. இதன் பின்னர் ஆந்திரப் பிரதேசம், கேரளம், மைசூர் ஆகிய மாநிலங்களில் திராவிட நாடு கோரிக்கைக்குச் சொல்லத்தக்க ஆதரவு எதுவும் இருக்கவில்லை. கோரிக்கை நான்கு மொழியினருக்கானது. அதனை எழுப்பியவர்களோ தமிழர்கள் மட்டுமே. இந்த முரண்பாடே பின்னர் எழுந்த பிளவின் கொள்கைக் காரணமாகும்.

நாமக்கல் தொகுதி

1957 பொதுத் தேர்தலில் தி.மு.க. முதன்முறையாகப் போட்டியிட்டது. கட்சிக்கு அப்போது தேர்தல் ஆணையத்தின் ஏற்பு இல்லாததால் அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே நின்றனர். மக்களவைக்கு இருவர் வெற்றி பெற்றனர். நாமக்கல் தொகுதியில் சம்பத்தும், திருவண்ணாமலைத் தொகுதியில் தர்மலிங்கமும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நாமக்கல் வட்டாரம் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அரியூர் நாடு, வளப்பூர் நாடு முதலிய கொல்லிமலை ஊர்களை உள்ளடக்கிய நாமக்கல் மாவட்டம் 1997 இல் தான் உருவானது.

மக்களவையில் சம்பத் மொழிச் சிக்கல் குறித்துத் தொடர்ந்து பேசினார். இந்தி தொடர்பான குடியரசுத் தலைவரின் ஆணையை எதிர்த்து 1960 ஆகத்தில் அவருக்குக் கறுப்புக்கொடி காட்டத் தி.மு.க. முடிவு செய்திருந்தது. அவ்வேளையில் தலைமை அமைச்சர் நேரு, இந்தி பேசாத மக்கள் மீது இந்தி திணிக்கப்படாது என்ற உறுதிமொழியைச் சம்பத்துக்கு எழுதிய மடலில் மீண்டும் அளித்தார். இதையடுத்துப் போராட்டம் கைவிடப்பட்டது.

பிளவு

1950களின் இறுதியில் தி.மு.க.வில் இருவகைக் கருத்து வேறுபாடுகள் வளர்ந்தன.

முதலாவது கொள்கை தொடர்பானது. திராவிட நாடு எட்ட இயலாத இலக்கு, தமிழ்நாட்டின் உரிமையை மட்டுமே முன்வைக்க வேண்டும் என்பது சம்பத்தின் நிலைப்பாடு.

இரண்டாவது அமைப்பு தொடர்பானது. கட்சியில் திரைப்படத் துறையினரின் செல்வாக்கு மிகுவதைச் சம்பத் எதிர்த்தார். இது மு. கருணாநிதி உள்ளிட்டோருடன் பிணக்கை உண்டாக்கியது. தாமே திரைப்படப் பாடலாசிரியராக இருந்த கண்ணதாசன் சம்பத்தின் பக்கம் நின்றது இங்கு கவனிக்கத்தக்கது.

1961 தொடக்கத்தில் வேலூரில் நடந்த பொதுக்குழுக் கூட்டத்தில் மோதல் வெளிப்பட்டது. சம்பத் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அண்ணாதுரையின் சமரச முயற்சி நிலைக்கவில்லை. சம்பத் தி.மு.க.வில் இருந்து விலகி, ஏப்ரல் 19, 1961 இல் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். தி.மு.க. தோன்றிய பின் அதில் ஏற்பட்ட முதல் பெரும் பிளவு இதுவாகும். கண்ணதாசன் தமது தி.மு.க. கால அனுபவங்களை "வனவாசம்" என்ற நூலில் எழுதியுள்ளார்.

கொள்கை

அக்காலத்தில் தமிழர் உரிமை குறித்து வெவ்வேறு நிலைப்பாடுகள் இருந்தன.

தி.மு.க. திராவிட நாட்டைக் கோரியது. சி. பா. ஆதித்தனார் 1958 இல் தொடங்கிய நாம் தமிழர் இயக்கம் தனித் தமிழ்நாட்டைக் கோரியது. ம. பொ. சிவஞானம் 1946 இல் நிறுவிய தமிழரசுக் கழகம் இந்தியாவுக்குள் தன்னாட்சி உரிமை கொண்ட தமிழகத்தை வலியுறுத்தியது.

தமிழ்த் தேசியக் கட்சியின் நிலைப்பாடு இவற்றுக்கு இடைப்பட்டது. தமிழ்நாடு இந்திய ஒன்றியத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் விரும்பினால் பிரிந்து செல்லும் உரிமை, அதாவது சுயநிர்ணய உரிமை, அதற்கு வேண்டும் என்பதே அது. பிரிவினை கோருவதும் பிரியும் உரிமையைக் கோருவதும் ஒன்றல்ல. முன்னது ஒரு தனி அரசைக் கேட்கிறது. பின்னது, ஒன்றியத்தில் இருப்பது உறுப்பு மாநிலத்தின் இசைவால்தான் என்பதை ஏற்கச் சொல்கிறது. 1936 ஆம் ஆண்டின் சோவியத் அரசமைப்பு தன் குடியரசுகளுக்கு இத்தகைய உரிமையை எழுத்தளவில் வழங்கியிருந்தது. இந்திய அரசமைப்பில் அதற்கு இடமில்லை.

1962 தேர்தல்

கட்சி தொடங்கியபோது நாடாளுமன்றத்தில் அதற்கிருந்த ஒரே குரல், நாமக்கல் உறுப்பினராகத் தொடர்ந்த சம்பத்தின் குரலே. 1962 தேர்தலில் அவர் தென் சென்னை மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டார். அங்கு தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரன் வெற்றி பெற்றார். சட்டமன்றத்திலும் தமிழ்த் தேசியக் கட்சிக்கு இடம் கிடைக்கவில்லை.

அதே தேர்தலில் தி.மு.க.வின் சட்டமன்ற இடங்கள் 15 இல் இருந்து 50 ஆக உயர்ந்தன. மக்களவையில் அதற்கு 7 இடங்கள் கிடைத்தன. கொள்கை வழியில் எழுந்த பிளவு, தாய்க்கட்சியின் வாக்கு வலிமையைக் குலைக்கவில்லை. கிளை அமைப்புகளும் பரப்புரைக் கருவிகளும் பெரும்பாலும் தி.மு.க.விடமே இருந்தன. காங்கிரசை எதிர்த்த வாக்குகளும் பெருமளவில் அதனையே சென்றடைந்தன.

காங்கிரசுடன் இணைப்பு

1962 அக்டோபரில் இந்திய சீனப் போர் மூண்டது. அண்ணாதுரை பிரிவினைப் பரப்புரையை நிறுத்தி, அரசுக்கு ஆதரவு தெரிவித்தார். 1963 இல் நிறைவேற்றப்பட்ட 16 ஆவது அரசமைப்புச் சட்டத்திருத்தத்தின்படி, தேர்தலில் போட்டியிடுவோர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டிலேயே தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் என்பது அதன் புதிய நிலைப்பாடு ஆனது.

இச்சூழலில் பிரியும் உரிமை என்னும் கோரிக்கைக்கும் வழி அடைபட்டது. திராவிட நாட்டை மறுப்பதற்கென்று தனிக்கட்சி இருக்க வேண்டிய தேவையும் நீங்கியது. 1964 இல் தமிழ்த் தேசியக் கட்சி, காமராசர் வழிகாட்டலில் இருந்த காங்கிரசுடன் இணைந்தது.

பிற்காலம்

சம்பத் காங்கிரசு தலைவர்களுள் ஒருவராக விளங்கி, பிப்ரவரி 23, 1977 இல் காலமானார். அவருடைய மகன் ஈ. வெ. கி. ச. இளங்கோவன் தமிழ்நாடு காங்கிரசு தலைவராகவும் நடுவண் இணையமைச்சராகவும் இருந்து, 2024 இல் மறைந்தார். கண்ணதாசன் 1978 இல் தமிழக அரசவைக் கவிஞராக அமர்த்தப்பட்டார். பழ. நெடுமாறன் பின்னர் காங்கிரசில் இருந்து விலகித் தமிழ்த் தேசிய இயக்கங்களை நடத்தினார்.

மதிப்பீடு

சம்பத் வெளியேறியபோது அவர் மறுத்த கொள்கையைத் தி.மு.க. மூன்று ஆண்டுகளுக்குள் தானே கைவிட்டது. ஆயினும் அதற்கு உடனடிக் காரணங்களாக அமைந்தவை போரும் சட்டத்திருத்தமுமே. தி.மு.க. ஆட்சியில் 1969 இல் அமைக்கப்பட்ட இராசமன்னார் குழுவும், 1974 இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மாநிலத் தன்னாட்சித் தீர்மானமும் ஒன்றியத்துக்குள் நின்று தமிழ்நாட்டின் உரிமையைக் கேட்டவை. பிரியும் உரிமையை நீக்கிவிட்டுப் பார்த்தால், 1961 இல் சிறு கட்சியொன்று நின்ற இடத்துக்கு அவை வெகு தொலைவில் இல்லை.