எளிய மண்ணில் மலரும் காஸ்மாஸ்

பூச்செடி வளர்ப்பதில் ஆசை கொண்டவர்கள் எருவையும் நீரையும் தாராளமாக அளிப்பது வழக்கம். ரோஜாவுக்கும் டாலியாவுக்கும் ஹிதமாக அமையும் இந்தப் போஷணையே காஸ்மாஸ் செடிக்குக் கேடாக முடிந்து, ஆள் உயரத்துக்குத் தழைத்து நிற்கும் செடியில் ஒரு மொட்டும் காணோமே என்று வளர்த்தவரை ஏங்க வைத்துவிடுகிறது. இதன் காரணத்தை அறிவதற்கு அச்செடியின் ஜன்மபூமியை அறிய வேண்டும்.

மெக்ஸிகோ தேசத்து மேட்டு நிலங்களில் கோடை மழையோடு முளைத்து, மழை ஓய்ந்து பகற்பொழுது குறுகத் தொடங்கும் மாதங்களில் எவரும் எருவிடாத வயலோரங்களிலும் பாதையோரங்களிலும் இளஞ்சிவப்பும் வெண்மையுமாகப் பூத்து, விதையை உதிர்த்துவிட்டு மடிவது அதன் சுபாவம். அங்கிருந்து ஸ்பெயினை அடைந்த செடியை ஆராய்ந்து, மாட்ரிட் நகரத்துத் தாவர சாஸ்திரியும் பாதிரியாருமான அந்தோனியோ ஹொசே காவனில்லஸ் 1791-இல் அதற்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார்.

இரவு நீள்வதை உணர்ந்தே காஸ்மாஸ் மொட்டு விடுகிறது என்பதுதான் அதன் வாழ்க்கையில் மிகவும் விசேஷமான அம்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. குளிர் தேசங்களில் வளர்க்கப்பட்ட பழைய ரகங்கள், நெடிய கோடைப் பகல்கள் கழியும்வரை காத்திருந்து, பூக்கும் தறுவாயில் உறைபனிக்கு இரையாகிக்கொண்டிருந்தன. சீக்கிரம் பூக்கும் 'சென்சேஷன்' என்ற ரகம் தோன்றி, 1936-இல் அமெரிக்காவின் புதுமலர்ப் பரிசையும் பெற்ற பிறகே அந்தக் குறை நீங்கிற்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, பகல் குறுகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தென்னாப்பிரிக்க மேட்டு நிலத்துச் சாலைகளின் இருமருங்கும் காஸ்மாஸ் மலர்ந்து நிற்கிறது. போயர் யுத்த காலத்தில் குதிரைகளுக்காக அர்ஜென்டினாவிலிருந்து தருவித்த தீவனத்தோடு அதன் விதை வந்து சேர்ந்ததென்று அங்கே சொல்லுகிறார்கள். இரவெல்லாம் பிரகாசமாக எரியும் விளக்கின் அருகே நட்ட செடி பூப்பதற்குத் தாமதிக்குமானால், அதன் காரணமும் இரவின் நீளத்தை உணரும் இந்தச் சுபாவத்தால் விளங்கும்.

நம் தோட்டங்களில் இரண்டு ஜாதிகளைக் காணலாம். மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கும் ஜாதி வெயிலை நன்றாகத் தாங்கும். இளஞ்சிவப்பு ஜாதியோ, சமவெளியில் குளிர்ந்த மாதங்களில்தான் செழிக்கும் ஆதலால், பெருமழையின் உக்கிரம் தணியும் சமயம் பார்த்து விதைப்பது உத்தமம். ஊசி போன்று நீண்டு கறுத்த விதையைக் கால் அங்குல ஆழத்தில் ஊன்றி, ஈரம் காயாமல் காத்தால், ஒரு வாரம் பத்து நாளில் முளைவிடும். நாள் முழுதும் வெயில் படும் இடமாகவும், நீர் தேங்காத மண்ணாகவும் இருத்தல் அவசியம். மண் சற்று வறியதாக இருந்தாலும் பாதகமில்லை. தழைச்சத்து மிகுந்த உரத்தை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது இலையையும் தண்டையும் பெருக்குமேயன்றிப் பூவைப் பெருக்காது.

நாற்றுகளை ஓரடி இடைவெளியில் நட்டு, செடி ஓரடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால், பக்கக் கிளைகள் பல வெடித்து, காற்றில் சாயாமல் அடர்ந்து வளரும். நாலைந்து அடி உயரும் ரகங்களுக்கு மூங்கில் குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டுவதும் நலம். அசுவினிப் பூச்சி கண்டால் தண்ணீரைப் பீச்சி அடித்தே பெரும்பாலும் விரட்டிவிடலாம்.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மலரில் நாம் இதழ் என்று கருதும் எட்டும் தனித்தனிச் சிறு பூக்களே. விதை கொடுக்கும் சக்தியற்ற அவை வண்ணத்தால் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் அழைக்க, நடுவே மஞ்சளாகக் குவிந்திருக்கும் நுண்ணிய பூக்களே கருவுற்று விதையாகின்றன. விதை முற்றிவிட்டால் செடியின் உழைப்பு தளர்ந்துவிடுமாதலால், வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளி எறிவோருக்குப் பல வாரங்கள் பூ கிடைக்கும். பருவத்தின் கடைசியில் மட்டும் சில தலைகளைச் செடியிலேயே காயவிட்டு, விதையைத் திரட்டி, உலர்ந்த காகிதப் பொட்டலத்தில் வைத்துக்கொள்ளலாம்; பல நிறச் செடிகள் பக்கத்தில் நின்றிருந்தால், தேனீக்களின் கைங்கரியத்தால் மறு வருஷம் பூக்கும் நிறம் தாய்ச்செடியின் நிறமாகவே இருக்குமென்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.