மேல்தாடையில் எலும்பு வைப்பது ஏன்?

மேல்வரிசைக் கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் டைட்டானியப் பல்வேர்) வைக்கப் போனால், “எலும்பு போதாது, முதலில் எலும்பு வைக்கணும்” என்று மருத்துவர் சொல்வதுண்டு. செலவை ஏற்றும் வேலையோ என்று பலருக்கும் தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. அந்தப் பற்களுக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பல் போனதும் எலும்பு கீழிருந்து கரைகிறது, சைனஸ் மேலிருந்து இறங்குகிறது. பல்லைப் பிடுங்கிய ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே போய்விடுகிறது.

எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளரும் என்று கண்ட சுவீடன் மருத்துவர் பிரனெமார்க், 1965-ல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் பொருத்தினார். ஆனால் ஒட்டிக்கொள்ள எலும்பு வேண்டுமே? அதற்கு வழியாக ‘சைனஸ் லிஃப்ட்’ 1970-களில் அமெரிக்காவில் உருவானது. மிச்ச எலும்பு நான்கைந்து மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், கன்னப் பக்கத்து எலும்பில் சிறு ஜன்னல் திறந்து, சைனஸின் உட்சவ்வை மெல்ல மேலே தள்ளி, அடியில் எலும்புத் தூளை நிரப்புகிறார்கள். அது கெட்டியாக ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். சவ்வு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அது கிழிவதுதான் அடிக்கடி நேரும் சிக்கல்.

அந்தத் தூள் எதிலிருந்து வருகிறது? காஞ்சிபுரம் போன்ற கோயில் ஊரில் இதை வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். பரவலாகப் பயன்படுவது, புரதம் நீக்கிப் பதப்படுத்திய மாட்டு எலும்பு. மேலே மூடும் கொலாஜன் சவ்வும் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்ததே. மனம் ஒப்பாதவர்களுக்குக் கால்சியம் பாஸ்பேட்டில் செய்த செயற்கைத் தூள் இருக்கிறது. நோயாளியின் முகவாயிலிருந்தே எலும்பு எடுப்பதும் உண்டு. கேட்டால்தான் சொல்வேன் என்று மருத்துவர் இருக்கக் கூடாது, சம்மதப் படிவம் நீட்டும்போதே சொல்லிவிட வேண்டும். எலும்பு வைக்காமல் குட்டை இம்ப்ளான்ட்டோ, பக்கத்துப் பற்களில் பொருத்தும் பிரிட்ஜோ போதுமா என்பதையும் ஸ்கேன் பார்த்துக் கேளுங்கள்.

புகையிலைப் பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். அறுவைக்குப் பின் இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முதல் சில நாட்கள் தலையைத் தாழ்த்திக் குனியவும் கூடாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் குனிந்து நெய்கிறவர் தன் வேலையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, புடவையைத் தறியிலிருந்து அறுத்த பிறகு வருகிற நாளாகத் தேதி வாங்குவது நல்லது.