மகப்பேறு நிதியுதவி (தமிழ்நாடு)

மகப்பேறு நிதியுதவி என்பது கருவுற்ற காலத்திலும் குழந்தை பிறந்த பின்னரும் தாய் இழக்கும் வருமானத்தை ஓரளவேனும் ஈடு செய்யவும், தாய்க்கும் சேய்க்கும் ஊட்டமான உணவு கிடைக்கவும் அரசு வழங்கும் பணமும் பொருளும் ஆகும். தமிழ்நாட்டில் இதன் முதன்மை வடிவம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஆகும். பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககம் இதனை நடைமுறைப்படுத்துகின்றது. இவ்வியக்ககம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையை ஒட்டிய டி.எம்.எஸ். வளாகத்தில் அமைந்துள்ளது.

ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை ஓர் அட்டவணையை மட்டும் பார்த்துக் கூறிவிட இயலாது. தாயின் வேலை, பிறப்பது எத்தனையாவது குழந்தை, பதிவு செய்த நாள், குடும்ப அட்டையில் யார் பெயர் முதலில் உள்ளது என்பன எல்லாம் தொகையை மாற்றுகின்றன. ஏழைக் குடும்பங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் தகுதியின்மையால் அன்று. இவற்றுள் ஏதேனும் ஒன்று பிசகுவதாலேயே ஆகும்.

பெயரும் வளர்ச்சியும்

புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மருத்துவராகவும் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகவும் விளங்கியவர். அவ்வை இல்லமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் நிறுவியவை. அவர் பெயரிலான இத்திட்டம் 1980களின் பிற்பகுதியில் 300 ரூபாய் என்ற சிறு தொகையுடன் தொடங்கியது. 2006 இல் இத்தொகை 6,000 ரூபாயாகவும், 2011 இல் 12,000 ரூபாயாகவும், 2018 இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

தொகையும் தவணையும்

18,000 ரூபாய் முழுவதும் பணமாகக் கிடைப்பதில்லை. இதில் 14,000 ரூபாய் மட்டுமே வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். மீதி 4,000 ரூபாய், தலா 2,000 ரூபாய் மதிப்புள்ள இரு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வழங்கப்படும். சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து, பேரீச்சம்பழம், நெய் முதலியன இப்பெட்டகத்தில் இடம்பெறுவன.

2018 ஆம் ஆண்டின் ஏற்பாட்டில் பணம் ஐந்து தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கருவுற்ற 12 வாரங்களுக்குள் பதிவு செய்தல், அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்கு உரிய தடுப்பூசிகள் என ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. 2024 இல் இது மூன்று தவணைகளாகக் குறைக்கப்பட்டது. கருவுற்ற நான்காம் மாதத்தில் 6,000, குழந்தையின் நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000 என்பது புதிய கணக்கு. கருவுற்ற காலத்திலேயே பெருந்தொகை கைக்கு வருவதால் இம்மாற்றம் பயனுள்ளது எனலாம். உணவுக்கும் ஓய்வுக்கும் பணம் தேவைப்படுவது அப்போதுதான்.

வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்தைச் சேர்ந்த, 19 வயது நிறைந்த பெண்களுக்கு முதல் இரு பிரசவங்களுக்கு இவ்வுதவி உரியது. வங்கிக் கணக்கு தாயின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். ஆதார் அட்டையில் ஓர் எழுத்தும் வங்கியில் வேறோர் எழுத்தும் முதலெழுத்தாக இருந்தால் பணம் திரும்பிவிடக்கூடும். திருமணத்திற்குப் பின் முதலெழுத்தை மாற்றிக் கொள்ளும் வழக்கமுள்ள நம் நாட்டில் இது அரிய நிகழ்வன்று.

கருவுற்ற பெண்ணின் விவரங்கள் பிக்மி என்னும் கணினிப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு 12 இலக்க எண் வழங்கப்படுகின்றது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெறவும் இவ்வெண் கேட்கப்படும். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்திற்குத் தாய் வீடு செல்லும் பெண், சென்னையில் பதிவு செய்து வேற்றூரில் பிள்ளை பெறுவது இயல்பு. அப்போது புதிய எண் பெறுதல் கூடாது. பழைய எண்ணையே அவ்வூர்ச் செவிலியரிடம் கொடுத்துப் பிரசவத்தையும் தடுப்பூசிகளையும் அதில் பதியச் செய்தல் வேண்டும்.

கூட்டக் கூடாத தொகைகள்

2017 முதல் நடைமுறையிலுள்ள பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் வழங்குகின்றது. 2022 முதல், இரண்டாவது பிறப்பது பெண் குழந்தையாயின் 6,000 ரூபாய் உண்டு. தமிழ்நாட்டில் இது மாநிலத் திட்டத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எனவே 18,000 உடன் 5,000 ஐக் கூட்டி 23,000 என எதிர்பார்ப்பது தவறாகும். மத்திய அரசின் பங்கு அந்த 18,000 இன் உள்ளேயே அடங்கும்.

மாறாக, 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மகப்பேற்றைச் சாராத தனித் திட்டம் ஆகும். தொடக்க விதிகளின்படி, ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்தின் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் உரியது. ஓர் அட்டைக்கு ஒருவரே பயனாளி. மாமியாரின் அட்டையிலேயே மருமகளின் பெயரும் இருந்தால் தொகை மாமியாருக்குச் செல்லும். இளந்தாயின் கணக்கில் இதனைச் சேர்க்குமுன் அட்டையைப் பார்ப்பது நன்று.

வேலைக்குச் செல்லும் தாய்

தொகை பெரிதும் வேறுபடுவது இங்கேதான். எடுத்துக்காட்டாக, தேனாம்பேட்டையில் ஒரே தெருவில் வாழும் இரு பெண்களைக் கொள்வோம். ஒருவர் வீட்டு வேலை செய்பவர். அவருக்கு மேற்கூறிய 14,000 ரூபாயும் பெட்டகங்களும் மட்டுமே. மற்றவர் தியாகராய நகர்த் துணிக்கடையில் 15,000 ரூபாய் சம்பளம் பெறுபவர், தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தில் (ஈ.எஸ்.ஐ.) பதிவு பெற்றவர். முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது 182 நாட்கள், முழு ஊதியம் உண்டு. நாளொன்றுக்கு 500 ரூபாய் எனக் கொண்டால் ஏறத்தாழ 91,000 ரூபாய் ஆகின்றது. இதற்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதிருத்தலும், முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருத்தலும் வேண்டும். இத்தகைய பயனைச் சட்டப்படி பெறுபவர் பிரதம மந்திரி திட்டத்தில் சேர இயலாது.

ஆகவே சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா என்பதைக் கருவுறுவதற்கு முன்னரே பார்த்தல் வேண்டும். கருவுற்ற பின் பதிவு செய்தால் நாட்கணக்கு எட்டாமற் போகலாம்.

குழந்தைப் பராமரிப்பு

பராமரிப்புச் செலவிற்கெனத் தனியே பணம் தரும் பொதுத் திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. உதவி இடமாகவும் உணவாகவுமே வருகின்றது. 1975 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி மையங்களில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குச் சத்துமாவு வழங்கப்படுகின்றது. இரண்டு வயதிலிருந்து மதிய உணவும் முட்டையும் முன்பருவக் கல்வியும் கிடைக்கும். ஆயின் மையங்கள் மாலைக்குள் மூடப்பட்டு விடுவதால், இரவு வரை கடையில் நிற்கும் தாய்க்கு இவை முழுத் தீர்வாகா. கைக்குழந்தையைப் பகல் முழுவதும் விட்டுச் செல்லவும் இவை ஏற்றவையல்ல.

50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்தல் வேண்டும் என்பது 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த விதி. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்து வரலாம். வீட்டு வேலை செய்வோரும் நடைபாதை வணிகரும் இவ்விதியின் வரம்பிற்குள் வருவதில்லை.

வருமான வரி

பிரித்தானியாவில் 2003 முதல் 2025 ஏப்ரல் வரை, குழந்தையுள்ள, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வரித்துறையே பணம் வழங்கியது. இந்தியாவில் அத்தகைய முறை இல்லை. பழைய வரிமுறையைத் தெரிவு செய்தோர், இரு குழந்தைகளின் கல்விக் கட்டணத்தை 1.5 லட்சம் ரூபாய் என்ற பொது உச்சவரம்பிற்குள் கழித்துக் கொள்ளலாம். காப்பகக் கட்டணம் இதில் சேராது. வரி செலுத்தும் அளவிற்கு வருமானம் இல்லாத குடும்பத்திற்கு இக்கழிவால் ஒரு ரூபாயும் கிட்டாது.