சக்கரத்தின் மேல் குடித்தனம்!

தைப்பூசம் வந்தால், அந்தக் காலத்துக் கொங்கு நாட்டுக் குடியானவர்கள் மாட்டு வண்டி கட்டிப் பழனிக்குப் போவார்கள். அரிசி, பருப்பு, சட்டி பானை, தண்ணீர்க் குடம், அரிக்கன் விளக்கு, மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் வண்டியிலேயே இருக்கும். பொழுது சாய்ந்த இடத்தில் வண்டியை அவிழ்ப்பார்கள். மூன்று கல் கூட்டிச் சமைப்பார்கள். வண்டிக்கு அடியில் படுப்பார்கள். வண்டிதான் வீடு!

உலகத்தின் மறுபக்கத்தில், மெக்சிகோ நாட்டில், இதே குடித்தனத்தை இன்று மோட்டார் வண்டியில் நடத்துகிறார்கள். சிங்காநல்லூரில் காலை 6 மணி என்றால், அந்த நாட்டின் முலேகே ஊரில் முந்தின நாள் மாலை 5.30 மணி! ஆனால் அது நமக்கு ஒட்டு உறவே இல்லாத நாடு அல்ல. நாம் அரைக்கும் மிளகாய்க்கும், கோவை மில்களில் நூலான கம்போடியா பருத்திக்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்தான்.

பாலைவனமும் கடலும்

மெக்சிகோவின் மேற்கு ஓரத்தில் நீண்ட வால்போல ஒரு நிலம் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதன் பெயர் பாஹா கலிபோர்னியா. பெரும்பகுதி பாலைவனம். அதன் வழியாகச் சுமார் 1,700 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலை 1973-ல் முடிந்தது. அதற்குப் பிறகு மோட்டார் வீடுகள் ஏராளமாக வரத் தொடங்கின. முலேகே ஊருக்குத் தெற்கே, கொன்செப்சியோன் விரிகுடாவின் கரையில் அவற்றை வரிசையாகக் காணலாம்.

சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் 'கேரவன்' நமக்குத் தெரியும். மோட்டார் வீடும் அது போன்றதுதான். உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. குளிருக்குத் தப்பி அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறவர்கள், நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே தங்குகிறார்கள். கரையில் ஓலைக் கொட்டகைகள் இருக்கும். இரவு வாடகை கொடுத்தால் போதும். ஆனால் மின்சாரக் கம்பி இல்லை. தண்ணீர்க் குழாயும் இல்லை!

சொட்டுக் கணக்கு

வண்டியின் தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் செலவழித்தால், ஐந்தே நாளில் தொட்டி காலி! எதிரே கடல் நிறையத் தண்ணீர். ஒரு வாய் குடிக்க முடியாது. ஆகவே பாத்திரத்தைக் கடல் நீரில் தேய்த்து, கடைசியாக மட்டும் நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். குடிநீரை, நம் ஊரைப் போலவே, 20 லிட்டர் கேனில் வாங்குகிறார்கள்.

மின்சாரத்துக்குச் சூரியன் துணை. வண்டிக் கூரையில் 100 வாட் சூரியப் பலகை இருந்தால், நல்ல வெயில் நாளில் சுமார் அரை யூனிட் கிடைக்கும். 50 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் அதுவும் தீர்ந்தது! பகலில் பாட்டரியில் சேர்த்ததை இரவில் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும். ஏர்கண்டிஷனர் என்ற பேச்சே கிடையாது.

கவனம் தேவை!

மணலில் சக்கரம் புதைந்தால் ஆபத்து. அதற்குள் கடல் ஏறிவிட்டால் வீடே போய்விடும்! ஆகவே மணலில் இறங்குமுன் டயர் காற்றைக் கொஞ்சம் குறைக்கிறார்கள். அலை ஒதுக்கிய பாசிக்கு மேலேதான் வண்டியை நிறுத்துகிறார்கள். காஸ் அடுப்பு எரியும்போது ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். கழிவுத் தொட்டியைக் கடலில் கொட்டக் கூடாது. அதற்குரிய இடத்துக்கு ஓட்டிச் சென்றுதான் காலி செய்ய வேண்டும்.

இத்தனை கஷ்டத்துக்கும் ஒரு பரிசு உண்டு. இருட்டிய பிறகு விரிகுடாவின் நீரைக் கையால் கலக்கினால், சில நாட்களில் நீலப் பொறி பறக்கும். கடலில் வாழும் நுண்ணுயிர்கள் தரும் வெளிச்சம் அது!

நம் வீட்டிலேயே ஒரு சோதனை

இதைப் படிக்க மெக்சிகோவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக் குழாயை மூடுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். நான்கு குடம் தண்ணீரில் குடும்பம் முழுவதும் அன்றைய பொழுதைக் கழித்துப் பாருங்கள். குழந்தைகளையே கணக்கெழுதச் சொல்லுங்கள்.

சிறுவாணித் தண்ணீர் மலையிலிருந்து குழாய் வழியே வீட்டுக்குள் வந்து விழுகிறது. அதன் அருமை, குழாயை மூடிய பிறகுதான் தெரியும். வண்டி கட்டிப் பழனிக்குப் போன பாட்டன் பாட்டிக்கு அது தெரிந்திருந்தது. ஒரு குடத்தில் ஒரு நாளை ஓட்டியவர்கள் அவர்கள்!